பறவை பார்க்க வரும் புதியவர்களைச் சேர்த்துக்கொள்வது எப்படி? குமரி மாவட்டக் குழுக்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

நாகர்கோவிலிலிருந்து கன்னியாகுமரி போகும் பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்தவருக்கு சுசீந்திரம் குளத்துப் பறவைகள் சும்மாவே கண்ணில் படும். சுசீந்திரம் தேரூர் நீர்நிலைத் தொகுதியும் வேம்பனூரும் உலக முக்கியத்துவம் வாய்ந்த நீர்நிலைகளின் ராம்சர் பட்டியலில் 2022-இல் சேர்ந்தவை. ஆர்வம் வருவதற்கு இங்கே குறைவில்லை. புதியவர்கள் யாரிடமாவது எண் கேட்டுப் பறவை பார்ப்போரின் வாட்ஸ்அப் குழுவில் சேர்கிறார்கள், ஒரு படம் போடுகிறார்கள், ஒரு கேள்வி கேட்கிறார்கள். பிறகு சத்தமில்லாமல் விலகிவிடுகிறார்கள். பெரும்பாலும் காரணம் இரண்டுதான்: கேட்டதற்குப் பதில் வரவில்லை, அல்லது வந்த பதில் முகத்தில் அடித்தது போல இருந்தது.

இரண்டையும் சரிசெய்ய முடியும். நல்ல மனசு மட்டும் போதாது. வரவேற்பது எல்லோருடைய வேலை என்று விட்டால் யாரும் செய்யமாட்டார்கள். அதைக் குழுவின் ஒரு தனி வேலையாக வைத்து, ஆள் பெயர் போட்டு ஒப்படைக்க வேண்டும்.

முதலில் ஆளைக் குறியுங்கள்

ஐம்பது, நூறு பேர் உள்ள குழுவுக்கு மாதம் இரண்டு பேர் போதும். அவர்களுக்கு மூன்று பொறுப்பு. புதிதாகச் சேர்ந்தவரிடம் ஒரு நாளுக்குள் பேச வேண்டும். குழுவில் வரும் எந்தக் கேள்வியும் 24 மணி நேரத்துக்கு மேல் பதிலில்லாமல் கிடக்கக் கூடாது. பறவை பார்க்கக் குழுவாக நடை போகும்போது புதியவரின் பக்கத்திலேயே நிற்க வேண்டும். ஒருவருக்கு ஒரே நேரத்தில் மூன்று புதியவர்களுக்கு மேல் கொடுக்காதீர்கள். மாதம் முடிந்ததும் ஆளை மாற்றுங்கள். மாற்றாவிட்டால் நல்லவர் ஒருவர் தலையிலேயே எல்லாம் விழுந்து, அவரும் சலித்துப்போவார்.

யாரைப் போடுவது? குழுவில் அதிகம் தெரிந்தவரைப் போடுவதுதான் வழக்கம். அது சரிவருவதில்லை. இருபது வருடம் பார்த்தவருக்குப் பறவையின் அசைவே பெயரைச் சொல்லிவிடும். ஏன் அந்தப் பெயர் என்று கேட்டால் அவருக்கு விளக்க வராது, "பார்த்தாலே தெரியுதே" என்பார். பார்க்கத் தொடங்கி ஒன்றிரண்டு வருடம் ஆனவர்தான் இதற்குச் சரியான ஆள். தான் எதில் குழம்பினோம் என்பது அவருக்கு இன்னும் மறந்திருக்காது. தெரியாததை மூத்தவரிடம் கேட்டுச் சொன்னால் போயிற்று. இருவரில் ஒருவர் பெண்ணாக இருப்பது நல்லது. விடியற்காலையில் குளக்கரைக்கு வரலாமா, யாரெல்லாம் வருவார்கள், கழிப்பறை எங்கே என்று பெண்களும் மாணவிகளின் பெற்றோரும் முதலில் ஒரு பெண்ணிடம்தான் கேட்பார்கள்.

சேர்ந்த அன்று

குழுவில் எல்லோர் முன்னும் "உங்களை அறிமுகப்படுத்திக்கொள்ளுங்கள்" என்று கேட்கவேண்டாம். பேராசிரியர், டாக்டர், வன அலுவலர் என்று நூறு பேர் இருக்கும் இடத்தில் பிளஸ் டூ பிள்ளை எதை அறிமுகப்படுத்தும்? தனிச்செய்தி அனுப்புங்கள். இப்படி இருந்தால் போதும்:

"வணக்கம். நம்ம குழுவுக்கு வந்ததுல சந்தோஷம். மூணு விஷயம் மட்டும் சொல்லுங்க. எந்த ஊர்? காலையில வர வசதியா, சாயங்காலமா? பைனாகுலர் இருக்கா? இல்லைன்னாலும் பரவாயில்ல, நம்மகிட்ட இருக்கு. பறவைப் படம் எவ்வளவு மங்கலா இருந்தாலும் போடலாம். பறவை கூடு கட்டியிருக்கிற படம் மட்டும் வேண்டாம், ஏன்னு நேர்ல சொல்றேன்."

ஊரைக் கேட்பதற்குக் காரணம் உண்டு. களியக்காவிளையிலோ குளச்சலிலோ இருப்பவரை ஆறு மணிக்குத் தேரூரில் நில்லுங்கள் என்றால் அவர் இருட்டிலேயே கிளம்ப வேண்டும். வழியில் யாருடைய பைக்கோ காரோ வருகிறதா என்று பார்த்து இணைத்துவிடுங்கள். முடியாவிட்டால் அவர் வீட்டுப் பக்கத்தில் உள்ள ஒரு குளத்தையோ வயலையோ முதல் இடமாகச் சொல்லுங்கள். விளவங்கோடு பக்கத்துப் பேச்சில் மலையாளம் கலந்திருக்கும், பறவைப் பெயரும் அப்படியே வரும். அந்தப் பெயரிலேயே பேசட்டும், திருத்த அவசரமில்லை.

பன்னிரண்டு விதிகள், நாற்பது பக்கப் பிடிஎஃப், நூறு பறவைகளின் பட்டியல் எதையும் அன்றே அனுப்பாதீர்கள். யாரும் திறப்பதில்லை. குழுவில் ஒட்டிவைக்கும் செய்தி ஆறு வரிக்குள் இருக்கட்டும்.

முதல் நடைக்கு எங்கே, எப்போது

புதியவர்களைக் கூட்டிப்போகத் தேரூர், சுசீந்திரம் குளங்களே முதலிடம். கூழைக்கடா, சங்குவளை நாரை, பாம்புத்தாரா, நீலத் தாழைக்கோழி போன்ற பெரிய பறவைகள் ஓரிடத்தில் நின்றபடியே தெரியும். மணக்குடிப் பொழிமுகத்துக்கோ புத்தளம் உப்பளத்துக்கோ முதல் நாளே கூட்டிப்போவதுதான் பழையவர்கள் அடிக்கடி செய்யும் தவறு. அரிய பறவை அங்கேதான் வரும், அவர்களுக்கு அங்கே போகவே ஆசை. ஆனால் குளிர்காலத்தில் அங்கே நிற்கும் உப்புக்கொத்திகளும் கொசு உள்ளான்களும் எல்லாமே சாம்பலும் வெள்ளையுமாக, விரல்நீளமாகத் தூரத்தில் தெரியும். கானலில் ஆடும். ஸ்பாட்டிங் ஸ்கோப் (முக்காலியில் வைத்துப் பார்க்கும் தொலைநோக்கி) இல்லாமல் மூத்தவர்களே தடுமாறும் இடம் அது. முதல் நாளே அதைப் பார்த்தவர் இது நமக்கு ஆகாது என்று முடிவுசெய்துவிடுவார். மூன்றாவது, நான்காவது நடைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

வலசைப் பறவைகள் இருக்கும் நவம்பர் முதல் பிப்ரவரி வரை சிறந்த காலம். அதற்காக ஜூனில் சேர்ந்தவரை நவம்பர் வரை காத்திருக்கச் சொல்ல வேண்டாம். உள்ளூர்ப் பறவைகளைப் பழக மழைக்காலம் நல்லதே. நீளவால் இலைக்கோழி நீண்ட வாலோடு அழகாக இருப்பதும் அப்போதுதான். குளிர்காலத்தில் அந்த வால் இருக்காது. புத்தகப் படத்தை வைத்துத் தேடும் புதியவர் அங்கேயே குழம்புவார், முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

சூரியன் உதித்த அரைமணி நேரத்துக்குள் தொடங்குங்கள். ஜனவரியில் நம் பக்கம் ஆறரைக்கு மேல்தான் உதயம், அதனால் ஐந்தரைக்கு யாரையும் வரச்சொல்ல வேண்டியதில்லை. இரண்டு மணி நேரத்தோடு முடித்துவிடுங்கள். புதியவருக்கு அதற்கு மேல் கண்ணும் கழுத்தும் வலிக்கும், வெயிலும் ஏறும். முதுகில் வெயில் படும்படி நில்லுங்கள். காலையில் கிழக்குக் கரையிலிருந்து மேற்கே பார்க்க வேண்டும். எதிர்த் திசையில் நின்றால் எல்லாப் பறவையும் கறுப்பு நிழலாகத்தான் தெரியும், நிறம் சொல்ல வராது.

ஆறு புதியவருக்கு இரண்டு வழிகாட்டிகள் என்ற கணக்கைத் தாண்டாதீர்கள். பத்து பேர் ஆனால் பின்னால் நிற்பவருக்குப் பெயர் மட்டும் கேட்கும், பறவை பறந்துபோயிருக்கும். பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர் வந்தால் பெற்றோரின் சம்மதத்தை அவர்களோடு பேசி வாங்குங்கள். பிள்ளை காட்டும் செய்தி போதாது.

கரையில் தாமரை பறிப்பவர், மாடு மேய்ப்பவர், வலை போடுபவர் இருப்பார்கள். அவர்களுக்கு வணக்கம் சொல்லி இரண்டு வார்த்தை பேசுவதைப் புதியவர் பார்க்கட்டும். வரப்பில் நடக்கும்போது ஒற்றை வரிசை. உப்பளத்துக்குள் கேட்காமல் இறங்கக் கூடாது, பாத்தி வரப்பு மிதிபட்டால் நஷ்டம் அவர்களுக்கு.

பைனாகுலரைக் கையில் கொடுக்கும் முன்

புதியவர் எதையும் பார்க்காமலே திரும்பிப்போவதற்கு இதுதான் பெரிய காரணம். கருவியைக் கையில் கொடுத்துவிட்டு "அந்தா பாருங்க" என்றால் அவருக்கு இரண்டு வட்டமும் மங்கலான பச்சையும்தான் தெரியும். கேட்க வெட்கப்பட்டு, தெரிகிறது என்று தலையாட்டுவார். நடை தொடங்கும் முன் பத்து நிமிடம் இதற்கே ஒதுக்குங்கள்.

1. கண்ணாடி போடுபவர் என்றால் கண்வைக்கும் ரப்பர் வளையத்தை உள்ளே மடக்க வேண்டும். போடாதவர் வெளியே இழுத்துக்கொள்ள வேண்டும். இது தவறினால் ஓரங்களில் கறுப்பு நிழல் ஆடும்.

2. நடுக் கீலை மடக்கியும் விரித்தும் இரண்டு வட்டமும் ஒரே வட்டமாகும்வரை சரிசெய்ய வேண்டும். பிள்ளைகளுக்குக் கண்ணிடைத் தூரம் குறைவு, நன்றாக மடக்க வேண்டும்.

3. அசையாத ஒன்றைப் பார்க்க வேண்டும். போர்டு எழுத்து நல்லது. வலது லென்ஸைக் கையால் மூடி, நடுச்சக்கரத்தைத் திருப்பி இடக்கண்ணுக்குத் தெளிவாக்க வேண்டும்.

4. இப்போது இடது லென்ஸை மூடி, வலக்கண் பக்கத்து வளையத்தை மட்டும் திருப்பித் தெளிவாக்க வேண்டும். இந்த வளையம் ஆளுக்கு ஆள் மாறும். ஒருவர் பயன்படுத்தி அடுத்தவர் வாங்கினால் மறுபடி செய்ய வேண்டும். இதை யாரும் சொல்வதில்லை, அதனால்தான் இரவல் பைனாகுலரில் தலைவலி வருகிறது.

5. பறவையை வெறுங்கண்ணால் பார்த்து, பார்வையை அகற்றாமல் கருவியைக் கண்ணுக்கு உயர்த்த வேண்டும். குனிந்து கருவியைப் பார்த்துவிட்டுத் தேடினால் கிடைக்காது. கரையில் நிற்கும் ஆடு, பனையோலை என்று ஐந்தாறு தடவை பழகச் சொல்லுங்கள்.

இரண்டு புதியவருக்கு ஒன்று வீதம், குழுவில் மூன்று பைனாகுலர் இருந்தால் போதும். 8×42 வாங்குங்கள். 8 என்பது பெருக்கம், 42 என்பது முன் லென்ஸின் குறுக்களவு மில்லிமீட்டரில். 10×50 இன்னும் பெரிதாகக் காட்டும், ஆனால் கனம் கூடுதல், கை நடுக்கமும் அதே அளவு பெரிதாகும், பார்வைப் பரப்பும் பொதுவாகக் குறையும். கடைகளிலும் ஆன்லைனிலும் "20 மடங்கு, 30 மடங்கு ஜூம்" என்று மலிவாக விற்பவற்றைப் புதியவர் வாங்கிவரும் முன்பே தடுத்துவிடுங்கள். பெரும்பாலானவை இருட்டாகவும் ஆட்டமாகவும் இருக்கும். வாங்கிவிட்டு வந்திருந்தால் குறை சொல்லாதீர்கள். குழுவின் 8×42-ஐ ஒரு மணி நேரம் கொடுத்தால் வித்தியாசம் அவருக்கே தெரிந்துவிடும்.

நம் ஊர்க் காற்றில் ஈரமும் உப்பும் சேர்ந்திருக்கும். கருவிகளைச் சிலிகா ஜெல் பையோடு மூடிய டப்பாவில் வையுங்கள், இல்லாவிட்டால் லென்ஸுக்குள் பூஞ்சை படரும். மணக்குடி போய்வந்தால் முதலில் ஊதித் தூசியைப் போக்கி, பிறகே துடைக்க வேண்டும். வேட்டி முனையால் துடைத்தால் உப்புத்துகள் கீறிவிடும்.

முதல் நாளைக்குப் பத்துப் பறவை போதும்

தேரூரில் ஒரு காலையில் ஐம்பது இனம் தென்படலாம். ஐம்பதையும் சொல்வது சொல்பவரின் திருப்திக்கு. புதியவர் நினைவில் வைப்பது பத்துக்குள். ஒரே தடவையில் வேறுபாடு புரியும் ஜோடிகளாகக் காட்டுங்கள்.

நீர்க்காகமும் பாம்புத்தாராவும் இரண்டும் இறக்கையை விரித்துக் காய்ந்துகொண்டிருக்கும். அலகைப் பார்க்கச் சொல்லுங்கள்: நீர்க்காகத்துக்கு நுனி கொக்கிபோல் வளைந்திருக்கும், பாம்புத்தாராவுக்கு ஈட்டி மாதிரி நேராக இருக்கும். நாமக்கோழிக்கு வெள்ளை அலகும் நெற்றியும், தாழைக்கோழிக்குச் சிவப்பு அலகும் அதன் நுனியில் மஞ்சளும். கள்ளப்பருந்தின் வால் நடுவில் பிளந்தது, செம்பருந்தின் வால் வட்டமானது. இந்த வால் வேறுபாடு முக்கியம். செம்பருந்துக் குஞ்சு வளர்ந்து செந்நிறம் வரும்வரை பழுப்பாகவே இருக்கும், நிறத்தை மட்டும் நம்பினால் கள்ளப்பருந்து என்று எழுதிவிடுவோம்.

கொக்குகளுக்கென்று ஒரு தனி நாள் வேண்டும். கன்னிப்பூ நெல் அறுவடை முடிந்து அடுத்த பருவமான கும்பப்பூவுக்கு உழும் செப்டம்பர், அக்டோபரில் வயல்களில் டிராக்டருக்குப் பின்னால் கொக்குக் கூட்டம் நடந்துவரும். பத்தடி தூரத்தில் அலகும் காலும் தெரியும். மஞ்சள் அலகும் குட்டைக் கழுத்தும் உண்ணிக்கொக்குக்கு. கறுப்பு அலகு, கறுப்புக் கால், மஞ்சள் பாதம் சின்னக் கொக்குக்கு. பழுப்பாக நின்றிருந்த பறவை எழும்பியதும் வெள்ளையாகிப் போனது என்று ஒருவர் சொன்னால் சிரிக்காதீர்கள், அவர் சரியாகத்தான் பார்த்திருக்கிறார். அது மடையான். மூடிய இறக்கையில் தெரியாத வெள்ளை, பறக்கும்போது முழுக்கத் தெரியும்.

தவறான பெயர் வரும்போது

குழுவின் தரம் தெரியும் இடம் இது. புதியவர் ஒருவர் கரையோரம் எடுத்த மங்கலான படத்தைப் போட்டு "சார், இது கழுகா?" என்று கேட்கிறார். கீழே மூன்று பேர் சிரிப்புப் பொம்மை போடுகிறார்கள். ஒருவர் "செம்பருந்து" என்று ஒற்றைச் சொல் எழுதுகிறார். கேட்ட அந்தப் புதியவர் இனி கேட்கமாட்டார்.

பதில் இப்படி இருக்கட்டும்: "நல்ல கேள்வி தம்பி. தலையும் நெஞ்சும் வெள்ளை, முதுகு செம்மண் நிறம் தெரியுது பாருங்க, அது செம்பருந்து. பறக்கும்போது வால் எப்படி இருந்தது? எத்தனை பார்த்தீங்க?" பெயரோடு காரணம் ஒன்றும், திருப்பி ஒரு கேள்வியும். கேள்வி ஏன் வேண்டும் என்றால், அடுத்த முறை அவர் அதைக் கவனித்துவிட்டு வருவார். பெயர் மட்டும் வாங்கிப்போனவர் அடுத்த முறையும் படத்தோடுதான் வருவார்.

ஒருவர் பதில் சொன்னபின் மற்றவர்கள் அதையே திரும்பச் சொல்ல வேண்டாம். சொன்னது தவறென்றால் மட்டும், காரணத்தோடு. மூத்தவர்கள் இருவர் கருத்து வேறுபட்டால் அதைத் தனியே பேசித் தீர்த்துக்கொண்டு, முடிவை எழுதலாம். அல்லது "இந்தப் படத்தில் இதற்கு மேல் சொல்ல முடியாது" என்று எழுதலாம். இந்த வாக்கியத்தை மூத்தவர்கள் வெளிப்படையாகச் சொல்லும் குழுவில் புதியவருக்குத் தைரியம் வரும்.

படமே இல்லாமல் "நீளமா, பச்சையா ஒன்னு" என்று வந்தால் ஐந்து கேள்வி கேளுங்கள்: சிட்டுக்குருவி, மைனா, காக்கை இதில் எது அளவு? அலகு எப்படி? எங்கே இருந்தது, தண்ணீரிலா மரத்திலா கம்பியிலா? என்ன செய்துகொண்டிருந்தது? நிறம் எந்தெந்த இடத்தில்? நிறத்தைக் கடைசியில் கேளுங்கள். வெயில் மாறினால் நிறம் மாறும், மற்ற நான்கும் மாறாது. படத்தையோ குரலையோ வைத்துப் பறவையின் பெயரைச் சொல்லும் மெர்லின் போன்ற செயலி காட்டிய பெயரோடு வருகிறவரிடமும் இதே ஐந்து கேள்விதான். செயலி சொல்வது யோசனை, தீர்ப்பு அல்ல. குரலை வைத்து அது சொல்லும் பெயரை, பறவையைப் பார்க்கும்வரை பட்டியலில் ஏற்றவேண்டாம் என்று பழக்குங்கள்.

தெரியாமல் தீங்கு செய்யும்போது

இதில் பொது இடத்தில் கண்டிப்பது கூடாது, கண்டும் காணாமல் விடுவதும் கூடாது. படத்தை நீக்கச் சொல்லி, பொறுப்பாளர் உடனே போனில் பேச வேண்டும். காரணத்தைச் சொன்னால் பெரும்பாலோர் கேட்டுக்கொள்வார்கள்.

கூட்டுப் படம்: நாம் கிட்டப்போனால் தாய் விலகும். வெயிலில் முட்டையும் குஞ்சும் சூடாகிவிடும், நம்மைக் கவனித்துக்கொண்டிருக்கும் காக்கைக்கு வழி தெரிந்துவிடும். காட்டுப்பறவையின் முட்டையையோ கூட்டையோ கலைப்பதை 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையாகவே கணக்கிடுகிறது. குரலை ஒலிபரப்பி வரவழைப்பதும் இதே ரகம். எதிரி வந்ததென்று நினைத்துப் பறவை இரைதேடுவதை விட்டு அலையும்.

வீட்டில் கூண்டில் வளர்க்கும் பச்சைக்கிளியின் படத்தை ஆசையாகப் போடுகிறவரும் வருவார். அதுவும் சட்டம் பாதுகாக்கும் பறவை. குழுவில் வைத்துத் திட்டினால் கிளிக்கும் பயனில்லை. தனியே சொல்லி, நாகர்கோவிலில் உள்ள மாவட்ட வன அலுவலகத்தில் ஒப்படைக்க வழிகாட்டுங்கள். சிறகு வெட்டிய கிளியைத் திறந்துவிட்டால் பூனைக்குத்தான் போகும்.

கீழே கிடக்கும் குஞ்சோடு வருபவருக்குப் பதிலைத் தயாராக வையுங்கள். இறகு முளைத்துத் தத்தித் திரிந்தால் எடுத்த இடத்திலேயே, பூனை எட்டாத கிளையில் வைத்துவிட வேண்டும், தாய் பக்கத்தில்தான் இருக்கும். இறகே இல்லாத குஞ்சு என்றால் கூட்டில் திரும்ப வைக்கலாம். மனிதர் தொட்டால் தாய் ஒதுக்கிவிடும் என்பது உண்மையல்ல. அடிபட்டிருந்தால் வனத்துறை.

கணக்கில் சேர்ப்பது

நாலைந்து நடை ஆனதும், பார்த்த பறவைகளைப் பட்டியலாகப் பதியும் ஈபேர்ட் தளத்தில் கணக்குத் தொடங்கிக் கொடுங்கள். முதல் நாளே வேண்டாம், போனைப் பார்ப்பதிலேயே காலை போய்விடும். முதல் பட்டியல்களை 15 நிமிடம், ஒரே இடத்தில் நின்று எழுதட்டும். பார்த்ததும் கேட்டதும், தெரிந்தவரை எல்லாவற்றையும் எழுதினால்தான் அது முழுப்பட்டியல். கூழைக்கடா மட்டும் எழுதிக் காக்கையை விட்டால் முழுப்பட்டியல் ஆகாது. எண்ணிக்கையைத் தோராயமாகவாவது போட வேண்டும்: பத்தை எண்ணி, அந்தப் பத்து எவ்வளவு இடம் அடைக்கிறது என்று பார்த்து, கூட்டம் முழுக்க அளக்கலாம். எந்தக் கொக்கென்று தெரியாவிட்டால் வெறுமனே வெள்ளைக் கொக்கு வகை என்று பதியவும் அதில் வழி உண்டு. புதியவர்களுக்கு இது தெரியாததால் ஊகித்து எழுதிவிடுகிறார்கள்.

பட்டியலைச் சரிபார்ப்பவரிடமிருந்து "இந்தப் பதிவுக்கு விவரம் தேவை" என்று மின்னஞ்சல் வந்தால் பலர் பயந்து கணக்கையே விட்டுவிடுகிறார்கள். அது குற்றச்சாட்டு அல்ல, மூத்தவர்களுக்கும் வரும் என்று முன்பே சொல்லிவையுங்கள்.

பழையவர்களுக்கும் இடம் வேண்டும்

ஒவ்வொரு ஞாயிறும் மடையானையே விளக்கிக்கொண்டிருந்தால் மூத்தவர்கள் ஒதுங்குவார்கள், அவர்கள் மேல் தப்பில்லை. மாதம் ஒரு நடையை அவர்களுக்கென்று மணக்குடிக்கோ மலைப்பக்கமோ வையுங்கள், வெளிப்படையாகவே சொல்லுங்கள். திரும்பத்திரும்ப வரும் கேள்விகளுக்குப் பொறுப்பாளர் ஒரு பதிலை எழுதிவைத்து, ஆளுக்கேற்ப மாற்றி அனுப்பலாம். "ஏற்கனவே பேசியாச்சு, மேலே பாருங்க" என்பது மட்டும் வேண்டாம். ஆயிரம் செய்திக்கு மேலே யார் போய்ப் பார்ப்பார்கள்? காலை வணக்கம், கட்சி, மருந்து ஃபார்வர்டுகளை யார் போட்டாலும் நீக்குங்கள். புதியவர் போட்டால் நீக்கி, மூத்தவர் போட்டால் விட்டால் எல்லோருக்கும் அது தெரிந்துவிடும்.

மூன்று மாதத்துக்குள் ஒரு பொறுப்பு

பார்வையாளராகவே வைத்திருந்தால் ஆள் தங்கமாட்டார். சின்ன வேலை கொடுங்கள்: பைனாகுலர் பெட்டி, நடை வருகைக் குறிப்பு, ஒரு குளத்தின் மாதப் பட்டியல். ஜனவரியில் பொங்கல் பறவைக் கணக்கெடுப்பும் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பும் வரும், பிப்ரவரியில் கொல்லைப்புறப் பறவைக் கணக்கெடுப்பு வரும். அக்டோபரில் சேர்ந்தவருக்கு இவை சரியான நேரத்தில் அமைகின்றன. எண்ணுவது ஒருவர், எழுதுவது ஒருவர் என்று ஜோடி போட்டு, எழுதும் வேலையைப் புதியவருக்குக் கொடுங்கள். ஒவ்வொரு பெயரையும் சத்தமாகக் கேட்டு எழுதும்போது பெயர் தானாக மனதில் நிற்கும்.

மூன்று மாத முடிவில் சேர்ந்தவர் எத்தனை, இரண்டு நடைக்கு மேல் வந்தவர் எத்தனை என்று பொறுப்பாளர்கள் கணக்குப் பார்க்க வேண்டும். வராமல் போனவருக்கு ஒரே ஒரு செய்தி போதும்: எந்த நேரம், எந்த இடம் வசதிப்படும் என்று கேட்டு. பதில் வந்தால் அதற்கேற்ப ஒரு நடையை மாற்றுங்கள். வராவிட்டால் விட்டுவிடுங்கள், குழுவிலிருந்து நீக்கவேண்டாம்.